வருது

செப்டம்பர் 4

பழைய ட்ரில் மெஷினை இன்றோடு மூட்டை கட்டிவிட்டேன். அது இனி ஆகாது. நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே வேறு மாதிரி மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

அன்னூர் ரோட்டில் கோழித் தீவனக் குடோனுக்கு ஷெட் போடுகிறோம். இரும்புத் தூண்கள் நிறுத்தியாகிவிட்டன. தூணோடு ஆங்கிள் துண்டைச் சேர்த்து வைத்து, இரண்டிலும் ஒன்றாகத் துளை போட்டு, போல்ட் முறுக்க வேண்டும். நான் இந்தப் பக்கம் நின்று மெஷினை அமுக்குவேன். என் மச்சினன் லோகு அந்தப் பக்கம் நின்று ஆங்கிளைக் கையால் அழுத்திப் பிடித்திருப்பான். பிட் துளைத்துக்கொண்டு வெளியே வருவது அவன் கை இருக்கும் பக்கம். அதனால் வரப்போகிற நேரத்தில் நான் "வருது" என்று சொல்ல வேண்டும். அவன் கையை எடுத்துவிடுவான். அவனும் நானும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான். வரப்போவது எப்படித் தெரியும் என்றால், கைக்குத் தெரியும். இரும்பு கடைசியாக ஒரு இழை மிச்சம் இருக்கும்போது மெஷின் கைக்குள் லேசாகக் குழையும். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்கு வராது.

இன்று நான் வாயைத் திறப்பதற்குள் பிட் வந்துவிட்டது. லோகு போட்டிருந்த கையுறையின் சுண்டுவிரல் பிட்டில் சுற்றிக்கொண்டு கரகரவென்று சுழன்றது. தூணுக்குப் பின்னால் இருந்து சத்தமே இல்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. பிறகு அவனே சுற்றி வந்து கையைக் காட்டினான். விரல் இருந்தது. சுண்டுவிரல் ஓரத்தில் தோல் மட்டும் சிவந்திருந்தது.

"ஒண்ணுமில்லீங் மாமா, உறையோட போயிருச்சு" என்றான்.

மெஷின் மோசம். ஆர்மேச்சர் தேய்ந்துபோய் ஒரு நேரம் போல ஒரு நேரம் ஓடுவதில்லை. கனமான, நிதானமாகச் சுற்றுகிற புது மெஷின் ஒன்று வாங்கிவிட வேண்டும். மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்து, திரும்ப மூடிவிட்டேன்.

செப்டம்பர் 5

வெல்டிங் எலெக்ட்ரோடு கம்பெனிக்காரன் கொடுத்த டைரி நல்ல டைரி. அதோடு கொடுத்த பேனாதான் சனியன், வழுக்குகிறது. தடியான பேனா ஒன்று வாங்கி அதில் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினாற்போல் இருப்பதற்குப் பேனாதான் காரணம்.

காலையில் டீ டம்ளர் கீழே விழுந்தது. கோகிலா புதிதாக வாங்கியிருக்கும் டம்ளர்களும் வழுவழுவென்று இருக்கின்றன. அதைச் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, அது கல்யாணத்துக்கு எங்கம்மா வாங்கிக் குடுத்த டம்ளருங்க" என்றாள்.

செப்டம்பர் 8

டவுனுக்குப் போய் அன்சாரி பாய் கடையில் மெஷின் பார்த்தேன். பாய் நல்ல மனுஷன், ஆனால் வாய் ஓயாது. முதலில் எடுத்துக் காட்டியது பத்து எம்.எம். மெஷின். பொம்மை மாதிரி இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடத்தான் ஆகும். அடுத்தது பதின்மூன்று, சுவரையும் உடைக்கும் இரும்பையும் துளைக்கும் என்றார். இரண்டும் செய்கிறது எதையும் உருப்படியாகச் செய்யாது. அது தடதடவென்று அடித்துக்கொண்டே சுற்றினால் பெரிய பிட் சூடேறி நீலம் பாரித்துப் போகும். இரும்புக்கு வேண்டியது வேகம் இல்லை, அழுத்தம். மெதுவாகச் சுற்ற வேண்டும், விடாமல் சுற்ற வேண்டும்.

அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து பதினாறு எம்.எம். மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீள ஒயர், பக்கவாட்டில் பிடிக்க ஒரு கைப்பிடி, பின்னால் இன்னொன்று. தூக்கினாலே தோள் இறங்குகிறது. ஓட விடச் சொன்னேன். ஓட விட்டார்.

"ஃபேனை நிறுத்துங்க பாய்" என்றேன்.

"ஃபேன் உங்களை என்னங்க பண்ணுது?"

"நிறுத்துங்க."

நிறுத்தினார். மரக்கட்டையில் ஒரு தகட்டை வைத்து, நானே துளை போட்டுப் பார்த்தேன். காதை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பிட் உள்ளே இருக்கும்வரை ஒரே குரல். வெளியே வரப்போகும்போது குரல் ஒரு சுருதி ஏறுகிறது. நன்றாகக் கேட்கிறது. பழைய மெஷினில் இது கேட்காது, அது எப்போதும் ஒப்பாரிதான்.

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் கையில புடிச்சுப் பார்த்து வாங்குவாங்க. நீங்க என்னங்க, ரேடியோப் பொட்டி வாங்கற மாதிரி கேக்கறீங்க?"

என் காது நல்ல காது என்றேன்.

லாக் பட்டன் இருக்கிறதா என்று கேட்டேன். சுவிட்சை அமுக்கி அந்தப் பட்டனைத் தட்டிவிட்டால் விரலை எடுத்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். இருக்கிறது என்றார். "ஆனா அதைப் போட்டுட்டு வேலை செய்யாதீங்க. பிட்டு மாட்டுச்சுன்னா மெஷின் நிக்காது. கையைத்தான் முறுக்கும்" என்றார். எனக்குச் சொல்லித்தருகிறார். சுவிட்சை எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருந்தால் விரல் எங்கே இருக்கிறதென்றே மறந்துபோகிறது, அதற்குத்தான் லாக். இதை அவரிடம் சொல்லவில்லை.

இன்று வாங்கவில்லை. யோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 9

இடது கால் செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பால்காரர் கூப்பிட்டுச் சொன்னார். இந்தக் காலத்துச் செருப்புக்கு வார் சரியில்லை.

செப்டம்பர் 12

பக்கத்துப் பட்டறையில் ஒரு மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு சைட்டுக்குப் போனோம். வேலையை நிறுத்தி வைக்க முடியாது, ஷெட்காரர் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை வேண்டும் என்கிறார்.

லோகு கையுறை போடாமல் வந்திருந்தான். திட்டினேன். "வேண்டாமுங் மாமா, வெறுங்கைதான் நல்லது" என்றான். கையுறை பிட்டில் சுற்றிக்கொள்ளும் என்பது வாஸ்தவம்தான். இருந்தாலும் அந்த வெறும் விரல்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் பிடிக்கவில்லை. நான் சொல்வதற்கு முன்னால் அவன் சொல்கிறான். ஒவ்வொரு துளைக்கும் தூணுக்குப் பின்னால் இருந்து "வருதுங் மாமா" என்கிறான். அதை நான் சொல்ல வேண்டும். மெஷின் என் கையில் இருக்கிறது. பின்னால் நிற்கிறவனுக்கு என்ன தெரியும்? கேட்டதற்கு, "சும்மா வாய்க்கு வந்துச்சுங்" என்றான்.

சாயங்காலம் பைக்குள் இருந்து ஒரு கிளாம்ப்பை எடுத்தான். ஆங்கிளைத் தூணோடு சேர்த்து இதை முறுக்கிவிட்டால் யாரும் பிடிக்கவே வேண்டாமாம். ஒவ்வொரு துளைக்கும் கிளாம்ப் போட்டுக் கழற்றினால் தைப்பொங்கலுக்குத்தான் கூரை ஏறும். அதைவிட, ஊரில் ஷெட் போடுகிறவன் எல்லாம் பார்த்தால் என்ன சொல்வான்? சென்னியப்பனுக்கு "வருது" சொல்லத் தெரியவில்லை, அதனால் கிளாம்ப் போடுகிறான் என்பான். அதைப் பையிலேயே வைக்கச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவன் வைத்துவிட்டான். என்னைத் திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 14

ஞாயிறு. மண்டபத்தில் சர்க்கரை நோய் முகாம். கோகிலா இழுத்துக்கொண்டு போனாள். எனக்குச் சர்க்கரை இருப்பது புது விஷயம் இல்லை, ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. மாத்திரை போடுகிறேன், ஞாபகம் இருக்கும்போது.

அங்கே ஒரு நர்சம்மா தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு காலிலும் கைவிரலிலும் தொடுகிறார். நாம் கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிறபோது "தெரியுது" என்று சொல்ல வேண்டுமாம். சின்னப்பிள்ளை விளையாட்டு. நான் எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்றேன். கண்ணை முழுசாக மூடினால் எனக்குத் தலை சுற்றும், அதனால் லேசாகத் திறந்து வைத்திருந்தேன்.

"உங்களுக்கு நல்லா இருக்குதுங்க" என்று நர்சம்மா சொன்னார். கோகிலா வீடு வரும்வரை பேசவில்லை. நல்லதுதானே சொன்னார்கள், அதற்கு எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 18

லோகு வீட்டுக்கு வாடகைச் சாரம் பற்றிப் பேசப் போனேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அது நெளிகிறது, சிரிக்கிறது, கையை இழுக்கிறது. அவன் ஒவ்வொரு குட்டி விரலாகத் தன் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டுகிறான். அவ்வளவு தடி விரலில் அவ்வளவு நிதானம்.

"வாங் மாமா, உக்காருங்க. இதோ ஒரு கை முடிச்சர்றேன்" என்றான்.

என்னால் உட்கார முடியவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவன் விரல்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. பயமாக இருக்கிறது. இதை எழுதுவதில் வெட்கம் இல்லை. எனக்கு உயரத்தில் பயம் கிடையாது, கரண்டில் பயம் கிடையாது, கடன்காரனிடம்கூடப் பயம் கிடையாது. மெஷினைக் கையில் எடுத்தால் மட்டும் இப்போதெல்லாம் பயம். நல்ல மெஷின் வந்துவிட்டால் சரியாகிவிடும்.

செப்டம்பர் 22

மெஷின் வாங்கியாயிற்று.

கோகிலாவும் கூட வந்தாள். மெஷின் வாங்க அவள் எதற்கு என்றதற்கு, அப்படியே புடவைக்கடைக்கும் போகலாம் என்றாள். புடவைக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நேராகப் பாயிடம், "இதுல பிட்டு மாட்டிக்கிட்டா தானா நிக்கறாப்பல ஒண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இவளுக்கு இதெல்லாம் யார் சொன்னது? லோகுவாகத்தான் இருக்க வேண்டும். அக்காளும் தம்பியும் எனக்குத் தெரியாமல் ஏதோ பேசிக்கொள்கிறார்கள்.

பாய்க்குக் கேட்க வேண்டுமா? உடனே ஒன்றை எடுத்து வைத்தார். கிளட்ச் இருக்கிற மெஷின். பிட் சிக்கினால் உள்ளே கடக் கடக் என்று அடித்துக்கொண்டு சுற்றாமல் நின்றுவிடுமாம். நான் வேண்டாம் என்றேன். அந்த மெஷினில் எப்போது பார்த்தாலும் பல் கடிக்கிற சத்தம். குரல் மாறுவது கேட்காது. அன்றைக்குப் பார்த்த பதினாறு எம்.எம். மெஷினே போதும் என்றேன்.

"உங்க இஷ்டமுங்க" என்றார் பாய். "கடைசியா ஒரு தடவை கையில புடிச்சுப் பாருங்க."

கவுண்டரில் இருந்த மெஷினைத் தூக்கினேன். தூக்கியதும் அது ஓட ஆரம்பித்துவிட்டது. பிட் மாட்டுகிற சக் சுற்றிய வேகத்தில் பக்கத்தில் இருந்த பில் புத்தகம் பறந்தது, கோகிலாவின் முந்தானை ஒரு சாண் தூரத்தில் தப்பித்தது. பாய் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

"சுவிட்ச் ரொம்ப லூசா இருக்குது பாய்" என்றேன்.

அவர் தானே இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். கோகிலா மெஷினைப் பார்க்கவில்லை, என் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "ஏனுங்க, அது அமுங்கியிருந்தது உங்களுக்குத் தெரியலீங்களா?" என்று கேட்டாள்.

பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, எல்லா மெஷினையும் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். புது மெஷினுக்கு முன்னால் இரண்டு வாழைக்கன்று. மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. லோகுவும் அவன் பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொரி கடலை கொடுத்தோம். இன்றைக்கு ஒரு மெஷினும் ஓடக் கூடாது என்பது எவ்வளவு நல்ல வழக்கம். வருடம் முழுக்க இருக்கலாம்.

எல்லா ஆயுதத்துக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு கோகிலா, "கையைக் குடுங்க, இதுவும் ஆயுதந்தானுங்க" என்றாள். புதுப் பழக்கம். கொடுத்தேன். நான் லோகுவிடம் சாரத்துக்குச் சவுக்குக் கட்டையா இரும்புக் குழாயா என்று பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்த பிறகும் அவள் கையை விடவில்லை. "ஒரு பொட்டு வைக்க இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன். அவள் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிறகு கையைக் கழுவும்போது பார்த்தேன். சந்தனத்துக்கு அடியில், ஆள்காட்டி விரல் நுனியில், பிறை மாதிரி நகம் பதிந்த தடம். ஆழமாகவே பதிந்திருந்தது. பக்கத்து விரலிலும் ஒன்று. அதற்கடுத்த விரலிலும்.

அவள் நகத்தை வெட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 3

வேலைக்குப் போகவில்லை. விஜயதசமி முடிந்த மறுநாளே புது மெஷினை எடுக்க வேண்டாம் என்று பார்த்தேன்.

அக்டோபர் 4

இன்றும் போகவில்லை. சனிக்கிழமை. லோகு போன் செய்து, "சரிங் மாமா, திங்கக்கெழமை பாத்துக்கலாம்" என்றான். ஏன் என்று கேட்கவே இல்லை.

அக்டோபர் 6

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சைட்டில் கரண்ட் இல்லை. ஷெட்காரர் வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து தூணுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். அது போட்ட கூச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அக்கட்டால தள்ளி வைக்கச் சொன்னேன். ஒயர் எட்டாது என்றார்கள்.

மெஷினை எடுத்தேன். சாரத்தில் ஏறி, தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். லோகு அந்தப் பக்கம் ஏறி ஆங்கிளைப் பிடித்தான். தூண் மறைத்ததால் அவன் முகம் தெரியவில்லை. ஆங்கிளின் ஓரத்தில் நான்கு விரல் மட்டும் தெரிந்தது, வெறும் விரல். நான் சுவிட்சை அமுக்கி லாக்கைப் போட்டு அழுத்தினேன். இரும்புச் சுருள் வர ஆரம்பித்தது. என் காதில் ஜெனரேட்டரைத் தவிர வேறொன்றும் விழவில்லை.

"வருது" என்று கத்தினேன். விரல்கள் மறைந்தன. ஆங்கிள் நழுவிக் கீழே விழுந்தது. பிட் தூணிலேயே பாதிகூடப் போயிருக்கவில்லை.

லோகு இறங்கி அதை எடுத்துக்கொண்டு ஏறினான். திரும்பப் பிடித்தான். திரும்ப ஆரம்பித்தேன். திரும்ப "வருது" என்றேன். திரும்ப விழுந்தது. மூன்றாவது தடவை அவன் தூணைச் சுற்றித் தலையை நீட்டினான். "ஆரம்பிச்சதுமே வருதுங்கறீங்களே மாமா" என்று கத்தினான். கோபமாக இல்லை. கீழே நின்ற ஷெட்காரர் சிரித்தார்.

சரி, இந்தத் தடவை பொறுமையாக இருப்போம் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அழுத்தினேன். சுருள் வந்தது, நின்றது, திரும்ப வந்தது. பிட் தூணைத் தாண்டிவிட்டதா, ஆங்கிளில் இருக்கிறதா, பாதியா, கடைசியா, எதுவும் தெரியவில்லை. மெஷினை நான்தான் பிடித்திருக்கிறேனா என்பதுகூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கம் நான்கு விரல். குழந்தைக்கு நகம் வெட்டிய விரல். "வருது" என்று கத்தினாலும் வேலையாகாது, கத்தாமல் இருந்தாலும் ஆகாது. நிறுத்திவிடலாம் என்று சுவிட்சில் இருந்து விரலை எடுத்தேன். நிற்கவில்லை. லாக்கில் இருக்கிறது. ஒரு அமுக்கு அமுக்கிவிட்டால் லாக் விடுபட்டுவிடும். அமுக்கினேன். அமுக்கினதாக நினைத்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

உடம்போடு பின்னால் இழுத்தேன். பிட் வெளியே வந்தது, நான் சாரத்துப் பலகையில் மல்லாந்து விழுந்தேன். மெஷின் நெஞ்சுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அறுக்கப் பிடித்த கோழி மாதிரி திமிறியது. அதைக் கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியேதான் கிடந்தேன். கண்ணைத் திறந்தபோது லோகு ப்ளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருந்தான். குதித்துப் போய்ப் பிடுங்கியிருக்கிறான். பிறகு அவனே போய் ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொன்னான்.

மேலே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தான். பாட்டிலை என் கையில் கொடுக்கவில்லை, வாயில் வைத்தான்.

"எனக்கு வர்றது தெரியல மாப்ள" என்றேன்.

"தெரியுமுங் மாமா."

"எப்ப இருந்து?"

"மாரியம்மன் நோம்பிக்கு முன்னாடி இருந்தே தெரியுமுங்."

நோம்பித் திருவிழா சித்திரையில் முடிந்தது. அதற்குப் பிறகு எத்தனை தூண், எத்தனை துளை. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் இவன் கை இருந்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுமா கையை வெச்சே? அறிவிருக்குதாடா உனக்கு?"

"பிட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி ஆங்கிளு சூடாகுமுங். கையில சுருக்குனு தெரியும். தெரிஞ்சதும் எடுத்துருவேன். அன்னைக்கு ஒரு நாள் உறை போட்டிருந்தனா, சூடு தெரியலீங். அதான் அப்புறம் போடறதில்ல."

"உனக்கென்ன தலையெழுத்து? வேற ஆளை நிக்க வெச்சிருக்கலாம்ல?"

"வேற ஆளுக்கு இது தெரியாதுங்களே மாமா. நீங்க சொல்லுவீங்கன்னு நம்பி நின்னுக்குவானுங்க."

நான் அழுதேன். ஷெட்காரர் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். லோகு என் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதுகில் நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் பையில் இருந்து கிளாம்ப்பை எடுத்தான். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. ஆங்கிளைத் தூணோடு சேர்த்து முறுக்கினான். மெஷினை எடுத்து, லாக்கைப் போடாமல், தன் விரலாலேயே சுவிட்சை அமுக்கித் துளை போட்டான். நல்ல மெஷின்தான். மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுகிறது. அன்சாரி பாயிடம் குறை சொன்னதெல்லாம் வீண். நான் கீழே நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து குரல் வந்தது.

"வருதுங்."

தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. "யாருக்குடா சொல்றே?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தானுங் மாமா."

அக்டோபர் 7

இன்று கோகிலாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நானாகத்தான் கூப்பிட்டேன். வேறு டாக்டர், அதே தூண்டில் நரம்பு. கண்ணை மூடச் சொன்னார். இந்தத் தடவை இறுக மூடிக்கொண்டேன். தலை சுற்றவில்லை.

"தெரியுதுங்களா?"

"தெரியல."

"இப்ப?"

"தெரியல."

கால் முடித்துக் கைக்கு வந்தார். இடது கையில் மணிக்கட்டுக்குக் கிட்டே வந்ததும் "தெரியுது" என்றேன். விரல்களில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தடவை "தெரியல" என்று சொல்லும்போதும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சாரத்தில் இருந்த பயம் இல்லை இது. இதில் அந்தப் பக்கம் யாருடைய கையும் இல்லை.

போனது முழுக்கத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேற்கொண்டு போகாமல் பிடித்துக்கொள்ளலாமாம். சூடான பாத்திரம், மெஷின், செருப்பில்லாத நடை மூன்றும் கூடாது. ராத்திரி படுக்கும்முன் கால் இரண்டையும் கண்ணால் பார்க்க வேண்டும், புண் இருந்தால் தானாகத் தெரியாது. கண்ணைத் திறக்காமலேயே எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

"அந்தக் கையையும் பாத்தர்லாமுங்க, கண்ணை இன்னும் கொஞ்ச நேரம் மூடியே வெச்சுக்குங்க" என்றார் டாக்டர். வலது கை மடியில் சும்மா கிடக்கிறது என்று நினைத்து, அதை மேசை மேல் வைக்கப் போனேன். வரவில்லை. ஏதோ இழுத்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன்.

என் விரல் ஐந்தையும் தன் இரண்டு கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு கோகிலா உட்கார்ந்திருந்தாள். எப்போது பிடித்தாய் என்று கேட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்ததில் இருந்தே பிடித்திருக்கிறாளாம்.